ஓரப் புல்

டீ கொடுத்தால் கடைசி மடக்கை மட்டும் அவள் குடிக்க மாட்டாள். டம்ளரை ஒரு சுழற்றுச் சுழற்றி, அடியில் நிற்கிற கொஞ்சத்தைக் குழாயடி வாழைக்கு ஊற்றிவிட்டு, கழுவிச் சுவர்மேல் கவிழ்த்து வைப்பாள். முதலில் நான் போடுகிற டீ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சர்க்கரையைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஊற்றினாள். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒட்டக் குடிக்கக் கூடாதுக்கா," என்றாள். "எதையுமே ஒட்ட எடுக்கக் கூடாது. பின்னால வர்றதுக்கு இன்னா இருக்கும்?"

"டீ கிளாசுக்குப் பின்னால எது வரப் போவுது?"

"எறும்பு வரும். வாழைக்குத்தானே ஊத்தறேன், அது வேணாம்னா சொல்லுது?"

என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வயதில் அவள்தான் மூத்தவள். அவளுடைய பெரிய மகளுக்கும் எனக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம் இருக்கும். நான் அவளைப் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றே பேசினேன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த இருளர் குடிசைகளிலிருந்து வருகிறவர்களிடம் எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசினோம். அந்த டம்ளரும் அவளுக்கென்று தனியாக வைத்ததுதான். அப்போது அதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது அவள் பெயரை எழுதலாம் என்று பேனாவை வைத்தால், பின்னால் அக்கா என்று சேர்க்காமல் எழுதக் கை வரவில்லை. சேர்த்து எழுதுவதற்கோ நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனால் அவள் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

நாங்கள் அப்போது காவாந்தண்டலம் பக்கத்தில் ஒரு பங்களாத் தோட்டத்தில் இருந்தோம். வெளிநாட்டில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவர் நிலம் வாங்கிக் கட்டிய வீடு. அவரை சார் என்போம். என் வீட்டுக்காரர் அங்கே வாட்ச்மேன். சமையலும் பெருக்கித் துடைப்பதும் என் வேலை. பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு முன்னால், நெல் விளைந்துகொண்டிருந்த இடத்தில், சார் புல் போட்டிருந்தார். வயலில் புல் முளைத்தால் பிடுங்கிப் போடுகிறோம், இவர் புல்லை விலைக்கு வாங்கி நடுகிறாரே என்று நட வந்த பெண்கள் சிரித்துச் சிரித்து நட்டார்கள். புல் பிடித்து வளர்ந்ததும் அதை வெட்டுவதற்கு அதே பெண்கள் வந்தார்கள். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டே நகர்வார்கள். அவளும் அதில் ஒருத்தி. கூலி போக, அறுத்த புல்லை ஆளுக்கு ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப் போகலாம். மற்றவர்களுக்குக் கூலி முக்கியம். அவளுக்கு அந்தக் கட்டுதான் முக்கியம்.

ஏனென்றால் அவளிடம் ஒரு கிடேரி இருந்தது. அவளுடையது இல்லை. திருப்புலிவனத்துக்காரர் ஒருவர் வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால், கன்றுக்குட்டியாக அவர் கொடுப்பார், இவள் தீனி போட்டு வளர்க்க வேண்டும், அது சினைப்பட்டு ஈன்றால் மாடு அவருக்கு, கன்று இவளுக்கு. நடுவில் திருப்பிக் கொடுத்துவிட்டால் இவளுக்கு ஒன்றும் கிடையாது. பேச்சு அவ்வளவுதான். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அந்தக் கிடேரி சினையாகி இருந்தது.

"எங்க வூட்டுல எங்குளுதுன்னு ஒரு மாடு இது வரைக்கும் நின்னதில்லக்கா," என்பாள். கிடேரியைக் கட்டுகிற முளைக்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு முளை அடித்து வைத்திருந்தாள், பிறக்கப் போகிற கன்றுக்கு. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது நான் பார்த்தேன். விறகுக் குச்சியைச் சீவி, மேல்முனை பிளந்து போகாமல் இருக்க நாரால் சுற்றி, அழகாக அடித்திருந்தாள். சிரித்துக்கொண்டே அதன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

எதையும் ஒட்ட எடுக்கக் கூடாது என்று அவள் சொன்னது டீக்கு மட்டும் இல்லை. எங்களுக்கென்று இருந்த துண்டு வயலில் அறுப்பு முடிந்ததும் எலி வளை வெட்ட அவளையும் அவள் புருஷனையும் கூப்பிடுவோம். வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கிற கதிரெல்லாம் அவர்களுக்கு. அவள் எல்லாவற்றையும் முறத்தில் வாரிப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கை நெல்லை உள்ளே தள்ளி, மேலே மண்ணைச் சரித்துவிடுவாள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா, எலிக்குக் கூலி போடறியா?" என்று கேலி பண்ணினார்.

"அது இல்லாங்காட்டி அடுத்த அறுப்புக்கு எங்குளுக்கு யாரு நைனா சேத்து வெப்பாங்க?" என்றாள். அவர் அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்கு எதுவும் வழித்து எடுத்தாக வேண்டும். சோற்றுப் பானையில் ஒரு பருக்கை இருக்காது. பெருக்கினால் மூலையில் ஒரு தூசு தங்காது, தங்கினால் விரலால் தோண்டி எடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. சுத்தக்காரி என்கிற பெயர் ஒன்றுதான் நான் சம்பாதித்தது. மாமியாரே எனக்கு அந்தப் பெயரைத்தான் கொடுத்தாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சண்டையிலும் அவள் எதையும் ஒட்ட எடுக்க மாட்டாள். ஒரு தடவை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கும்போது எங்கள் தெருப் பெண் ஒருத்தி இவளைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டு, வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினாள். இவள் பொறுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "இந்தா, உன்னப் பத்தி நான் வாயத் தெறந்தேன்னு வெச்சிக்கோ…" என்று ஆரம்பித்தாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் மூச்சை விட்டு, "சரி, கெடக்கட்டும்," என்று சொல்லி டின்னை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய் நின்றாள். அவ்வளவுதான். அந்தத் தெருப் பெண் அதற்கப்புறம் ஒரு வாரம் படாத பாடு பட்டாள். என்னிடம் வந்து, "இன்னாத்தக்கா சொல்ல வந்தா அவ? எனக்கு ஒரே பேஜாரா கீது, நீ கேட்டுச் சொல்லேன்," என்று நச்சரித்தாள். நான் அவளிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா. சொல்லி முடிச்சிட்டா அப்புறம் நாளைக்கி மூஞ்சில முழிக்க இடம் வேணாமா?" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வண்டி வந்தது.

பெரிய அட்டைப் பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்தது. திறந்தால் ஆமை மாதிரி ஒன்று. புல் வெட்டுகிற மிஷின், ஆள் தள்ள வேண்டாம், தானே போகும் என்றார் சார். புல்தரையைச் சுற்றி ஓர் ஒயரைப் பதித்தார். அந்த ஒயர்தான் அதற்கு வேலி. ஒயர் வரைக்கும் போகும், திரும்பிவிடும். சார்ஜ் இறங்கினால் தானே போய்க் கரண்டுப் பெட்டியில் வாயை வைத்து நிற்கும். கரண்டு இல்லாத நேரம் பார்த்துப் போனால் பட்டினியாக அங்கேயே கிடக்கும். ஆமை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம்.

அது ஓடுவதைப் பார்க்க அறுக்கிற பெண்கள் எல்லோரும் ஓரமாக நின்றார்கள். அவள் மட்டும் அதன் பின்னாலேயே நடந்து போய், குனிந்து, தரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். எழுந்து சாரிடம் சொன்னாள்: "தின்னுது சார். சாணி போடலியே."

சாரே சிரித்துவிட்டார். ஆனால் அவள் தேடியது வெட்டின புல்லைத்தான். அந்த மிஷின் புல்லைத் தூளாக நறுக்கித் தரையிலேயே உதிர்த்துவிடும். கட்டுவதற்குக் கட்டு என்று ஒன்றும் மிஞ்சாது. அன்றைக்கே மற்ற பெண்களை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார் சார். ஓரத்துக்காக.

ஆமையால் ஓரத்தை வெட்ட முடியாது. கத்தி அதன் வயிற்றுக்கு நடுவில் இருந்தது. போதாததற்கு, பூப்பாத்திக் கரையில் இடித்துக்கொள்ளும் என்று ஒயரைச் சற்று உள்ளே தள்ளிப் பதித்திருந்தார். அதனால் அது போன இடமெல்லாம் மொழுமொழுவென்று இருக்க, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் புல் முடி வெட்டாத பிடரி மாதிரி நின்றது. பாதைக்கு இரண்டு பக்கமும் ஓரம், தென்னைப் பாத்தி ஒவ்வொன்றைச் சுற்றியும் ஓரம், சாக்கடை ஓரம், சுவர் ஓரம். அவள் அதை அறுத்துச் சேர்த்தால் கிடேரிக்கு ஒருவேளைக்குப் பஞ்சம் இல்லாமல் வந்தது.

எங்கள் பக்கத்தில் வரப்புப் புல் வயல்காரருக்கு இல்லை. பயிர் அவருடையது. வரப்பில் முளைக்கிறதை வேலைக்கு வருகிறவர்கள் மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போகலாம். யாரும் கேட்டுவிட்டு அறுப்பதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. அவள் அந்த ஓரத்தைப் பார்த்ததும் அதைத்தான் நினைத்தாள்.

"பாத்தியாக்கா," என்றாள், அரிவாளை ஊன்றிக்கொண்டு. "எந்த ஊரு மிஷினோ, அதுக்கே தெரிஞ்சிக்கினு கீது. வரப்புப் புல்லு நம்முளுதுன்னு வுட்டுட்டுப் போவுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆமை அவள் பக்கமாக வந்தால் எழுந்து வழிவிடுவாள். "போ ராசா, நீ போ," என்று ஆளிடம் பேசுகிற மாதிரி பேசுவாள்.

சாருக்கு அந்த ஓரம்தான் கண்ணை உறுத்தியது. வெளிநாட்டில் எல்லா வீட்டிலும் ஓரம் கோடு கிழித்த மாதிரி இருக்குமாம். போர்ட்டிகோவில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவர் கண் நடுத்தரைக்குப் போகாது, ஓரத்துக்குத்தான் போகும். ஒருதடவை ஒயரைத் தோண்டி வெளியே தள்ளிப் பதித்துப் பார்த்தார். ஆமை சாக்கடையில் ஒரு பக்கமாகச் சரிந்து, சக்கரம் மேலே சுற்றச் சுற்றக் கத்திக்கொண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர்தான் தூக்கி எடுத்துத் துடைத்தார். ஒயர் பழைய இடத்துக்கே போயிற்று.

அவள் ஒட்ட அறுத்திருந்தால் சார் அத்தோடு விட்டிருப்பார். அவள் அறுக்க மாட்டாள். எவ்வளவு குனிந்து அறுத்தாலும் கரையோரமாக விரல் தடிமனுக்கு ஒரு புல்வரிசையை விட்டுவிட்டுத்தான் போவாள். சார் வந்து நின்று, இன்னும் ஒட்ட வெட்டு என்பார். சரி சார் என்பாள். மறுபடியும் அப்படியே விடுவாள். இருக்கிற வேலையும் போய்விடப் போகிறது, ஒட்ட அறுத்துத் தொலையேன், கிடேரிக்கும் கூடக் கொஞ்சம் கிடைக்குமே என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"ஒட்ட அறுத்தா வேரு காஞ்சிடும்கா. அப்பால எதை அறுக்கறது?" என்பாள்.

இனி என் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குழாயடி புல்தரையைத் தொட்டாற்போல இருந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி ஓடிச் சேறாகும். அந்தக் காலோடு உள்ளே வந்தால் நான் துடைத்த தரை முழுக்க அடி அடியாகப் பதியும். எனக்குத் தாங்கவில்லை. வீடு கட்டி மிஞ்சின செங்கல் பின்னால் அடுக்கியிருந்தது. அதில் கொஞ்சத்தை எடுத்து வந்து சேறும் புல்லும் சேருகிற இடத்தில் வரிசையாக வைத்தேன். முதலில் மேலே வைத்தேன். கால் பெருவிரல் இடித்து நகம் பெயர்ந்தது. அப்புறம் குழி எடுத்து, கல்லைப் படுக்க வைத்துத் தரையோடு தரையாக அமுக்கினேன். கால் வைத்தால் எது கல் எது தரை என்று தெரியாது. எனக்கே திருப்தியாக இருந்தது.

ஆமை அந்தப் பக்கம் வந்தது. குழாயடி ஓரத்தில் கரையும் இல்லை, சாக்கடையும் இல்லை என்பதால் அங்கே மட்டும் ஒயர் கொஞ்சம் வெளித்தள்ளி இருந்தது. ஒரு சக்கரம் கல்மேல் ஏறியது. கடக், கடக் என்று கல்மேலேயே ஓடி, வயிற்றுக்கடியில் இருந்த கத்தி கல்விளிம்பு வரைக்கும் புல்லை மழித்துவிட்டுப் போனது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சார் கவனித்தார்.

அவர் குழாயடிக்கு வந்ததே கிடையாது. அன்று வந்து குந்தி உட்கார்ந்து விரலால் விளிம்பைத் தடவினார். யாரு வெச்சது இது என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று பயம். என் வீட்டுக்காரர், "எங்க வூட்டம்மாதான் சார், சேறா கீதுன்னு," என்று இழுத்தார். சார் நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"சூப்பர்மா," என்றார். "இவ்வளவு நாள் எனக்குத் தோணலியே."

அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டேன். பிறந்ததிலிருந்து நான் செய்த ஒரு வேலையை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மத்தியானம் டீக்கு வந்தது அவள்தான். டீயைக் கொடுப்பதற்கு முன்னாலேயே சொன்னேன். சார் வந்தது, தொட்டது, சூப்பர் என்றது எல்லாம். வாயே திறக்காத நான் அன்று அவ்வளவு பேசினேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். வெறுங்காலால் ஒரு கல்லை அமுக்கிப் பார்த்தாள், ஆடவில்லை. பிறகு அங்கேயே நின்றபடி மெதுவாகத் திரும்பிப் புல்தரையைச் சுற்றிலும் பார்த்தாள். பாதையோரம், தென்னைப் பாத்தி, சுவரோரம் எல்லாம். அரிவாளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் கீதுக்கா," என்றாள். "காலு தடுக்காது."

டீயைக் குடித்தாள். அன்றும் கடைசி மடக்கை வாழைக்குத்தான் ஊற்றினாள்.

உத்திரமேரூரிலிருந்து கொத்தனார் வந்தார். சார் பக்கத்தில் நின்று என் குழாயடி வரிசையைக் காட்டி, இதே மாதிரி சுற்றிலும் என்றார். சித்தாளாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். பூப்பாத்திக் கரையைத் தள்ளிக் கட்டி, ஓரப் புல்லை வேரோடு பெயர்த்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் செங்கலைப் படுக்க வைத்தார்கள். அவள் தலையில் கல் சுமந்து வந்து இறக்கினாள். பெயர்த்துப் போட்ட புல்லை மண் தட்டிச் சாயங்காலம் கிடேரிக்குக் கொண்டு போனாள். கடைசியாக ஒருமுறை நிறையப் புல் போயிற்று. கிணற்று மூலையில் முடிக்கும்போது கடைசிக் கல்லைக் கொடுக்காமல் அரைக் கல் அளவுக்கு இடம் விட்டாள். கொத்தனார் ஏன் என்று சத்தம் போட்டார். அவள் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். அவரே ஒரு கல்லை உடைத்து அடைத்துப் பூசிவிட்டார்.

ஒயரைக் கல்லோரமாகத் தள்ளிப் பதித்தார்கள். ஆமை ஒரு சக்கரத்தைக் கல்லிலும் ஒரு சக்கரத்தைப் புல்லிலும் வைத்துக்கொண்டு கடக், கடக் என்று சுற்றி வந்தது. ஓரம் கத்தரித்த காகிதம் மாதிரி ஆயிற்று. சார் போட்டோ எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். இனிமேல் ஓரத்துக்கு ஆள் வேண்டாம் என்று அவளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. கல் சுமந்தவளுக்குத் தெரியாதா.

அது சித்திரை. அந்த வருடம் ஏரி காய்ந்து தரை வெடித்துக் கிடந்தது. வரப்பில் புல் கிடையாது. வைக்கோல் வைத்திருந்தவர்கள் தங்கள் மாட்டுக்கே எண்ணி எண்ணிப் போட்டார்கள். ஊருக்குள் பச்சை என்று கண்ணில் பட்டது எங்கள் பங்களாத் தரை ஒன்றுதான். போர் தண்ணீரில் அது பளபளவென்று கிடந்தது, ஒரு பிடி அறுக்க ஓரம் இல்லாமல்.

அவள் கழுநீர் கேட்டு வந்தாள். கூசிக்கொண்டுதான் கேட்டாள். நான் பானையைச் சாய்த்து ஊற்றினேன். வெறும் தண்ணீர். ஒரு பருக்கை இல்லை, ஒரு தோல் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் வழித்துவிடுவேனே. காய்த்தோலைக்கூடத் துவையல் அரைத்துவிடுவேன். அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "சுத்தமா கீதுக்கா," என்றாள். குறையாகச் சொன்னாளா, பாராட்டிச் சொன்னாளா, தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து சோற்றில் ஒரு பங்கைப் பானையில் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அவள் மறுபடி வரவில்லை.

ஒருநாள் சாரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். கிணற்றுப் பக்கம் யார் கண்ணிலும் படாது. அங்கே மட்டும் கல்லை எடுத்துவிட்டு ஓரம் விடலாமா சார், அந்தக் கிடேரி ஈனுகிற வரைக்கும். இவ்வளவுதான். அடுப்படியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காப்பியை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனேன். அவர் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார்.

"காப்பி சார்," என்றேன். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வைகாசி பிறந்த பிறகு ஒரு காலையில் கேட் பக்கம் குரல் கேட்டது. அவள் கிடேரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்புலிவனத்துக்குக் கொண்டு போகிறாளாம். மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றாள். வாளி கொண்டுபோய் வைத்தேன். கிடேரிக்கு வயிறு மட்டும்தான் பெரிதாக இருந்தது. இடுப்பெலும்பு இரண்டும் முறுக்கிய துணிக்குள் கல்லை வைத்த மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. அது தண்ணீரில் வாயை வைக்காமல் கேட் கம்பிக்குள் மூக்கை நுழைத்து உள்ளே இருக்கிற பச்சையை மோந்தது. உள்ளே ஆமை கடக், கடக் என்று போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாளுதானே. ஈனற வரைக்கும் வெச்சிக்கினு இருக்கக் கூடாதா?" என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வயித்துல ஒரு உசுரு, வெளிய ஒரு உசுரு. என் ஆசைக்கு ரெண்டையும் காயப் போட முடியுமாக்கா? அவுரு வூட்ல வைக்கோலு கீது."

கிடேரியின் மூக்கைக் கம்பியிலிருந்து மெதுவாகப் பிடுங்கி வாளிக்குத் திருப்பினாள். அது குடித்தது. நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கல்லு, என்று ஆரம்பித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நீ வெச்ச அந்தக் கல்ல மட்டும் நீ…" என்றாள்.

நிறுத்திக்கொண்டாள். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சரி, கெடக்கட்டும்கா. வெயில் ஏறுது."

ரோட்டோரமாகவே போனார்கள். ஏரிக்கரை திரும்புகிற வரைக்கும் தெரிந்தது. வாளியில் அடித்தண்ணீர் கொஞ்சம் நின்றது. அதை வாழைக்கு ஊற்றினேன்.

கிடேரி திருப்புலிவனத்தில் ஈன்றது, பெண் கன்று என்று பிற்பாடு சொன்னார்கள். அவள் குடும்பம் அதற்குள் சவுக்கு வெட்டுகிற வேலைக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. குடிசை இருந்த இடத்துக்கு ஒருமுறை போனேன். பெரிய முளையைப் பிடுங்கி எடுத்துப் போயிருந்தார்கள். நார் சுற்றின சின்ன முளை அப்படியே இருந்தது.

சார் பின்னால் அந்த வீட்டை விற்றுவிட்டார். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆமை எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ.

அவள் பாதியில் நிறுத்தினதை நான் எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். நீ வைத்த கல்லை மட்டும் நீ வைக்காமல் இருந்திருந்தால், என்று சொல்ல வந்தாளா. நீ எடுத்துவிட்டிருந்தால், என்றா. யாரிடமும் காட்டாமல் இருந்திருந்தால், என்றா. சில நாள் பாத்திரம் கழுவும்போது இன்னொன்றும் தோன்றும். குழாயடிக் கல் ஆயிற்றே, மழை வந்தால் பாசி பிடிக்கும், நீ அடிக்கடி தேய்த்து வை, வழுக்கி விழுந்துவிடப் போகிறாய் என்று சொல்ல வந்திருப்பாளோ என்று. அவள் அப்படியும் சொல்லக் கூடியவள்தான். அது தோன்றுகிற நாளில்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.